விநாடி முள்

நர்ஸ் வேலைக்குப் பொறுமை வேண்டும் என்று சொல்கிறவர்களில் ஒருவர்கூட அந்த வேலையைச் செய்தவரில்லை. இதை நான் பல வருஷமாகப் பார்த்து வருகிறேன். மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தெரிந்தவர்கள் மகளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வருவார்கள். பிள்ளை வாயைத் திறப்பதற்குள் தகப்பனார் ஆரம்பித்துவிடுவார். சாந்தமான பிள்ளை, சேவை மனப்பான்மை உண்டு, எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாது, அதனால் நர்ஸ் வேலைக்குச் சரியாக இருக்கும் என்பார். எனக்கு அந்த இடத்திலேயே எரிச்சல் வந்துவிடும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரியாத பிள்ளையை பேங்க் பரீட்சை எழுத அனுப்புங்கள், ஆஸ்பத்திரி வார்டுக்கு மட்டும் அனுப்பாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். ஒருவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

போனவர் கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் காரணத்தையும் சொல்லியிருப்பேன். அது தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது.

எனக்குக் களக்காடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். ஒரு காலத்தில் வயலும் வரப்புமாக இருந்து, பிறகு எல்லாரும் படித்து உத்தியோகத்துக்குப் போய்விட்ட சைவக் குடும்பம். வயல் போனாலும் வாய் போகவில்லை. நர்சிங் படிக்கப் போகிறேன் என்றதும் பெரியப்பா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “நம்ம வீட்டுப் பிள்ளை ஊரான் பீ மூத்திரம் அள்ளவா படிக்கப் போகுது?” அப்பா அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அப்போது அவருக்கு அதை எல்லாம் யார் செய்தார்கள் என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. அந்த வயதில் கேட்கவில்லை. அதற்காக இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் உண்டு. மற்ற சொந்தக்காரர்களிடம், நான் ஆஸ்பத்திரியில் ஏதோ கணக்கு எழுதும் படிப்பு படிப்பதாக அம்மா சொல்லிவைத்திருந்தாள்.

நர்சிங் பள்ளியில் சேருவதற்கு முன்னால் வாங்க வேண்டிய சாமான்கள் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். வெள்ளைத் துணி, கறுப்பு ஷூ, கத்தரிக்கோல், அதோடு விநாடி முள் உள்ள கைக்கடிகாரம். அம்மாவும் நானும் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி கண்ணாடிப் பெட்டியிலிருந்து பெண்களுக்கான கடிகாரங்களை வரிசையாக எடுத்து வைத்தார். எல்லாம் புளியங்கொட்டை அளவு, தங்கக் கலர். ஒன்றில்கூட விநாடி முள் இல்லை. கேட்டதற்கு அவர் சிரித்துக்கொண்டு, “பொம்பளைப் பிள்ளைக்கு விநாடி முள் எதுக்கும்மா?” என்றார். கடைசியில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம் ஒன்றை வாங்கினோம். பட்டையில் அவரே கூடுதலாக இரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தார்.

எதற்கு என்பதைப் பள்ளியில் சேர்ந்த மாதமே தெரிந்துகொண்டேன். நாடி எண்ணுவது அந்த முள்ளை வைத்து. மூச்சு எண்ணுவதும் அதை வைத்துத்தான். மூச்சை எண்ணும்போது நோயாளிக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் மூச்சு மாறிவிடும். அதனால் நாடி பார்ப்பதுபோலக் கையைப் பிடித்துக்கொண்டே நெஞ்சைப் பார்க்க வேண்டும். குளுக்கோஸோ ரத்தமோ ஏறும்போது நிமிஷத்துக்கு எத்தனை துளி விழுகிறது என்று பார்ப்பதும் அதை வைத்துத்தான். ஒரு கண் துளியில், ஒரு கண் முள்ளில். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்க வேண்டும். ஊசி போடுகிற பெண் என்றுதான் ஊரில் எங்களைச் சொல்வார்கள். ஊசி போடுவதற்கு ஒரு நிமிஷம் போதும். மிச்ச நேரமெல்லாம் எண்ணுவதும், பார்ப்பதும், பார்த்ததை எழுதுவதும்தான் எங்கள் வேலை. அசைய முடியாதவர்களை இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு புண்ணாகிவிடும். வெந்நீரில் துணியை நனைத்து உடம்பைத் துடைத்துவிட வேண்டும். மூத்திரத்தை அளந்து பார்த்து எழுத வேண்டும். பெரியப்பா சொன்னதும் உண்டுதான், அள்ள வேண்டும். அள்ளும்போது அதன் நிறத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த நிறத்தைக் கேட்டுத்தான் டாக்டர் மருந்தை மாற்றுவார்.

படிப்பு முடிந்து, பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். பேர் வேண்டாம். பெண்கள் வார்டில் இரண்டு வருஷம் ஓடியிருந்தபோது ஒரு புது நர்ஸ் வந்தாள். சென்னை ராயபுரத்தில் பிறந்து வளர்ந்து, அங்கேயே படித்து, அங்கேயே ஒரு வருஷம் வேலையும் பார்த்தவள். திருநெல்வேலிப் பேட்டையில் இருக்கும் ஒருவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அந்த மாதம்தான் எங்கள் ஊருக்கு வந்திருந்தாள். முதல் நாளே அவளுக்கு மெட்ராஸ் என்று பேர் விழுந்துவிட்டது. ‘மெட்ராஸ், அந்தப் பாத்திரத்தை எடு’, ‘மெட்ராஸ், டீ குடிச்சியா’ என்று எல்லாரும் கூப்பிட்டார்கள். நானும்தான். வேலை சுத்தமாக இருந்தது. என்ன செய்தாலும் உடனே மணியோடு கேஸ் ஷீட்டில் எழுதிவிடுவாள். எங்களில் பாதிப் பேர் ஷிப்ட் முடியும்போது உட்கார்ந்து மொத்தமாக எழுதுகிறவர்கள்.

அவள் வந்த இரண்டாவது நாள். ஒரு வயதான அம்மாவை ஸ்கேன் எடுக்கும் அறைக்கு நடத்திக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. அந்த அம்மா கட்டிலைவிட்டு இறங்கி நின்றுகொண்டு, “பைய போவோம் தாயி” என்றார். எங்கள் பக்கத்தில் பைய என்றால் மெதுவாக என்று அர்த்தம். நாங்கள் பிறந்ததிலிருந்து பேசுகிற சொல். மெட்ராஸ் அந்த அம்மாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குனிந்து, கட்டிலுக்கு அடியில் கிடந்த துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். அந்த அம்மா மறுபடியும் “பைய, பைய” என்றார். இவள், “எடுத்துக்கினேம்மா” என்று பையைக் காட்டினாள்.

வார்டே சிரித்தது. நோயாளிகள், கூட இருந்தவர்கள், ஆயா, நான். நான் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த டிரே ஆடியது. சாயங்காலம் டீ குடிக்கும்போதும் அதைச் சொல்லிச் சிரித்தோம். அவளும் தன்னை ஏதோ கேலி செய்கிறார்கள் என்று நினைத்துச் சேர்ந்து சிரித்தாள். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒருத்தரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அதைத்தான் முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நாலாவது நாள் காலை. எங்கள் வார்டில் உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பதனீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிற வேலை. மாதக்கணக்காக உதிரப்போக்கை வெளியே சொல்லாமல், அடுப்பு முன்னால் நின்று வேலை பார்த்துவிட்டு, ஒருநாள் மயங்கி விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், அதற்கு முன்னால் ரத்தம் ஏற்ற வேண்டும். உள்ளங்கை வெள்ளைக் காகிதம்போல இருந்தது. இப்படி ரத்தம் வற்றிப்போனவர்களுக்கு இருதயம் ஏற்கெனவே களைத்திருக்கும். வேகமாக ரத்தத்தை இறக்கினால் அது தாங்காது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மெதுவாக, துளித்துளியாகத்தான் ஏற்ற வேண்டும்.

ரத்தப் பையைக் கம்பத்தில் மாட்டி ஆரம்பித்துவைத்தது நான். முதல் கால் மணி நேரம் குறைவாக விட வேண்டும் என்பது எங்களுக்கு வழக்கம், அப்படியே விட்டிருந்தேன். அப்போது சர்ஜன் ரவுண்ட்ஸ் வந்தார். திருநெல்வேலி டவுனில் பிறந்தவர், கைராசிக்காரர் என்று பேர். இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எப்போதும் அவசரத்தில் இருப்பார். கேஸ் ஷீட்டில் ஒரு யூனிட் ரத்தம் என்று முந்தின நாளே எழுதி, கீழே கையெழுத்தும் போட்டிருந்தார். நிமிஷத்துக்கு எத்தனை துளி என்று எழுதவில்லை. அவர் எப்போதுமே எழுத மாட்டார். வாயால் சொல்லுவார், நாங்கள் செய்வோம். அது அப்படியே பழகிப்போயிருந்தது.

கட்டில் பக்கத்தில் நின்று, ரத்தப் பையை அண்ணாந்து பார்த்து, மெட்ராஸிடம் சொன்னார். “பைய ஏத்துங்க, என்ன?” அவள் தலையாட்டினாள். அவர் போய்விட்டார். நான் எதிர்க் கட்டிலில் ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தேன். சொன்னது என் காதில் விழுந்தது. மெதுவாகத்தானே போய்க்கொண்டிருக்கிறது, அதையே சொல்லிவிட்டுப் போகிறார் என்று நினைத்தேன். அப்புறம் கடைசிக் கட்டிலில் கூப்பிட்டார்கள், போனேன். அங்கே வேலை இழுத்துக்கொண்டது.

அவள் காதில் விழுந்தது வேறு. பையை ஏத்துங்க. சென்னையில் பேசும்போது பையை என்பதையும் பைய என்றுதானே சொல்கிறார்கள். டாக்டர் பையை அண்ணாந்து பார்க்கிறார், பைய ஏத்துங்க என்கிறார். பையை எதற்காக உயர்த்தச் சொல்லுவார்கள்? துளி வேகமாக விழுவதற்குத்தான். அவள் கம்பத்தின் திருகைத் தளர்த்தி, கம்பியை முழுக்க மேலே தூக்கினாள். குழாயில் இருக்கும் சக்கரத்தையும் கொஞ்சம் திறந்துவிட்டாள். முதல் கால் மணி முடிந்ததும் வேகத்தைக் கூட்டுவதும் வழக்கம் என்பதால், நல்ல பயிற்சி எடுத்த எந்த நர்ஸும் அதைத்தான் செய்திருப்பாள். செய்ததை மணி போட்டு எழுதினாள். டாக்டர் உத்தரவுப்படி பை உயர்த்தப்பட்டது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. என்னைக் கூப்பிடும் அவள் குரல் கேட்டது. நான் ஓடி வருவதற்குள் அவள் ரத்தத்தை நிறுத்தியிருந்தாள். நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, ஆக்ஸிஜனை மூக்கில் வைத்திருந்தாள். அந்த அம்மாவுக்கு மூச்சு முட்டியது, இருமலில் நுரை வந்தது. டூட்டி டாக்டர் வந்து ஊசி போட்டார். வேறு ஒரு நர்ஸாக இருந்தால் அரைமணி நேரம் கழித்துத்தான் கண்ணில் பட்டிருக்கும். இவள் நாடியோடு மூச்சையும் எண்ணிக்கொண்டிருந்ததால் உடனே தெரிந்தது. மத்தியானத்துக்குள் நோயாளி சுதாரித்துவிட்டார், மூச்சு சீரானது.

சர்ஜன் திரும்பி வந்தார். கேஸ் ஷீட்டைப் படித்தார். வார்டு நடுவில் நின்றுகொண்டு, நோயாளிகள் எல்லாரும் பார்த்திருக்க, இது பச்சைப் பொய் என்றார். நான் மெதுவாகப் போடச் சொன்னால் இவள் வேகமாக விட்டுவிட்டு, நான் சொன்னதாக எழுதியும் வைத்திருக்கிறாள் என்றார். மெட்ராஸ் தலையைக் குனிந்துகொண்டு, “நீங்க அப்டிதான் சார் சொன்னீங்க” என்றாள். அவருக்கு முகம் சிவந்தது. “நான் பையன்னுதானே சொன்னேன்?” என்றார். எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது. கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்தத் துணிப்பை ஞாபகம் வந்தது.

சர்ஜன் போனதும் மேட்ரனிடம் ஓடினேன். எங்களுக்கு எல்லாம் தலைவி அவர்தான். முப்பது வருஷம் வார்டிலேயே கிடந்து மேலே வந்தவர். அவரிடம் பைய கதையை முழுதாகச் சொன்னேன். இரண்டு நாளுக்கு முன்னால் சிரித்ததையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளைக்குப் பைய தெரியாதா, இதெல்லாம் சாக்கு என்றார். டாக்டர் கோபமாக இருக்கிறார், நாளைக்கு மேனேஜர் விசாரிக்கிறார், பொய்யாக எழுதினாள் என்று கடிதம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றும் சொன்னார். அப்படி ஒரு கடிதத்தோடு போனால் எந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது. மூன்றரை வருஷப் படிப்பு அதோடு முடிந்தது.

உடை மாற்றும் அறையில் மெட்ராஸ் தனியாக உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகலாம், ஆனால் ஒரு பிரச்சினை என்று வந்தால் வீட்டோடு இருந்துவிட வேண்டும் என்பதுதான் மாமியார் போட்ட நிபந்தனையாம். அதைச் சொல்லிவிட்டு, “நான் பொய் எழுதலக்கா” என்றாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எங்கள் ஊரில் பைய என்றால் மெதுவாக என்று அர்த்தம் என்றேன். அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அன்னிக்கு அதுக்குத்தான் சிரிச்சீங்களா?”

ஆமாம் என்றேன். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, “ஒருத்தராவது சொல்லியிருக்கலாம்” என்றாள்.

மறுநாள் காலை மேட்ரன் என்னை அறைக்குக் கூப்பிட்டு ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்தார். நான் பக்கத்தில் இருந்தவள், டாக்டர் சொன்னதைக் கேட்டவள், அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எழுதினேன். துணிப்பைக் கதையில் தொடங்கி இரண்டு பக்கம் எழுதினேன். மேட்ரன் படித்துவிட்டுத் தாளை நாலாகக் கிழித்தார். கதை எல்லாம் வேண்டாம், காதால் கேட்டதை மட்டும் எழுது, நாலு வரி போதும் என்றார். மெதுவாக ஏற்றும்படி டாக்டர் கூறினார் என்று அவரே வாசகத்தையும் சொன்னார்.

அவர் மெதுவாக என்று சொல்லவில்லை மேடம் என்றேன்.

“பையன்னா மெதுவாதானே பிள்ளே? அர்த்தம் ஒண்ணுதானே?”

“எல்லாருக்கும் அர்த்தம் ஒண்ணா இருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காதுல்லா மேடம்” என்றேன்.

அவர் என்னை முறைத்தார். நீயும் சேர்ந்து வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்றார். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. வேலை போனால் பெரியப்பா என்ன சொல்லுவார், அதைக் கேட்டுக்கொண்டு அப்பா எப்படி உட்கார்ந்திருப்பார் என்று எல்லாம் கண்முன்னால் வந்தது. ஆனால் பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. மூன்றரை வருஷம் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. பார்த்ததைப் பார்த்தபடி எழுது, கேட்டதைக் கேட்டபடி எழுது. அதே படிப்பைப் படித்து வந்தவரே இப்போது மாற்றி எழுது என்கிறார். டாக்டர் வாயிலிருந்து வந்த சொல்லை என் கையால் சுத்தப்படுத்தித் தர வேண்டுமாம். கட்டிலைச் சுத்தப்படுத்துகிறேன், பாத்திரத்தைச் சுத்தப்படுத்துகிறேன், இதையும் நானே செய்ய வேண்டுமா என்று நினைத்தேன். மேட்ரனிடமும் சொல்லிவிட்டேன்.

மேட்ரன் கிழித்த தாளை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, சரி, அவர் சொன்ன வார்த்தையையே எழுது, அவர் வாயால் சொன்னதாகவே இருக்கட்டும், அதுவும் நல்லதுதான் என்றார். நாலு வரி எழுதினேன். இத்தனை மணிக்கு டாக்டர் வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, பைய ஏத்துங்க என்று அந்த நர்ஸிடம் சொன்னார். நான் எதிர்க் கட்டிலில் இருந்தேன். எத்தனை துளி என்று கேஸ் ஷீட்டில் எழுதப்படவில்லை. கடைசி வரியைப் பார்த்து மேட்ரன் முகம் சுளித்தார். அதைக் கிழிக்கச் சொல்லவில்லை.

பத்து மணிக்கு மேனேஜர் அறையில் கூடினோம். அவர் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். ஏதோ கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்று, இங்கே வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஆபீஸ் அறையைவிட்டு அதிகம் வெளியே வர மாட்டார். சர்ஜனும் மேட்ரனும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மெட்ராஸும் நானும் நின்றோம். இரண்டு நாற்காலி காலியாகக் கிடந்தது, எங்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை. விசாரணை முடியும்வரை என் கண் அடிக்கடி அந்த நாற்காலிகளுக்கே போனது.

சர்ஜன் முதலில் பேசினார். தான் தெளிவாகச் சொன்னதாகவும், இவள் கவனிக்கவில்லை என்றும், கவனிக்காததை மறைக்கப் பொய் எழுதினாள் என்றும் சொன்னார். பக்கத்தில் இருந்த நர்ஸே சாட்சி எழுதிக் கொடுத்திருக்கிறாள், படித்துப் பாருங்கள் என்றார். மேட்ரன் என் தாளை மேஜைமேல் வைத்தார். மேனேஜர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார். இரண்டாவது வரிக்கு வந்ததும் நிறுத்தினார். மறுபடியும் படித்தார். கண்ணாடிக்கு மேலே சர்ஜனைப் பார்த்தார்.

“பைய ஏத்துங்கன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க? அந்தப் பொண்ணு பைய ஏத்தியிருக்குது. அப்புறம் இன்னா விசாரணை?”

மேட்ரன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். சத்தியமாக நான் இதை எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருந்தால் முந்தின ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சர்ஜன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். “பையன்னா மெதுவான்னு அர்த்தம் சார்.”

“எந்த ஊர்ல?” என்றார் மேனேஜர்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். எத்தனையோ பேர் வயிற்றைத் திறந்து மூடிய மனிதர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பக்கத்தில் மெட்ராஸ் அழ ஆரம்பித்தாள். சத்தம் இல்லாமல் அழுதாள். மேனேஜர் மூன்றாவது வரியையும் நாலாவது வரியையும் படித்தார். எத்தனை துளி என்று எழுதுகிற வழக்கம் உண்டா என்று கேட்டார். மேட்ரன் தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுத வேண்டும் என்பதுதான் முறை என்றார். அவர் அந்த ஒரு வரியை அன்றைக்குச் சொன்னதற்காக, என் தாளைக் கிழித்ததைப் பாதி மன்னித்தேன். மீதிப் பாதியை இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவளை அனுப்பவில்லை. இனிமேல் கவனமாக இருக்க வேண்டும் என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். எதற்குக் கவனம்? யாருக்கு எச்சரிக்கை? மூச்சை எண்ணி அந்த உயிரைக் காப்பாற்றியவளுக்கு எச்சரிக்கை. எழுத வேண்டியதை எழுதாமல் போனவருக்கு ஒரு டீ வரவழைத்துக் கொடுத்தார்கள். மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் யார் வாயிலிருந்தும் வரவில்லை. பச்சைப் பொய் என்று வார்டு நடுவில் சத்தமாகச் சொன்னார், அது பொய் இல்லை என்பது மேனேஜர் அறைக்குள்ளேயே அமுங்கிப்போனது. வார்டில் இருந்தவர்களிடம் போய், அவள் பொய் சொல்லவில்லை என்று கட்டில் கட்டிலாகச் சொன்னது நான்தான்.

மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. செவிலியர் கவனத்திற்கு என்று தலைப்பு. பணி நேரத்தில் செவிலியர் அனைவரும் தெளிவான தமிழில் பேச வேண்டும், வட்டார வழக்கைத் தவிர்க்க வேண்டும். அதைப் படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பைய என்று சொன்னது செவிலியரா? டாக்டர்கள் கவனத்திற்கு என்று ஒரு தாள் ஒட்ட அந்தக் கட்டிடத்தில் பசை தீர்ந்துபோய்விட்டதா? ஆயா படித்துக் காட்டச் சொன்னாள். படித்துக் காட்டினேன். “அப்போ நாங்க பேசுதது தமிழ் இல்லியாம்மா?” என்று கேட்டாள்.

அந்த வாரக் கடைசியில் உடன்குடி அம்மாவுக்கு இரண்டாவது யூனிட் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. அவர் நன்றாகத் தேறி, கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பயமாக இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, மெட்ராஸைக் கைகாட்டி, அந்தப் பிள்ளை இருந்தால் போதும் என்றார். சர்ஜன் ரவுண்ட்ஸ் வந்தார். அன்றும் அவசரம்தான். கட்டில் பக்கத்தில் நின்றார், கம்பத்தில் தொங்கிய பையை அண்ணாந்து பார்த்தார், வாயைத் திறந்தார். பை என்ற எழுத்து வரைக்கும் வந்திருக்கும்.

மெட்ராஸ் கேஸ் ஷீட்டைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். மேலே பேனாவை வைத்திருந்தாள். தலையைக் குனியவில்லை.

“எழுதிக் குடுங்க சார்.”

அவர் அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வார்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பச்சைப் பொய் என்று அவர் சொன்னதைக் கேட்ட அதே ஆட்கள். அவர் பேனாவை எடுத்தார். நிமிஷத்துக்கு இருபது துளி என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார், மணியும் போட்டார்.

பேனா தாளைத் தொட்டதிலிருந்து எடுக்கும்வரை நான் என் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது விநாடி ஆனது.